தயிர்க் கலயமும் தலைமைப் பீடமும்

மிதிவண்டியின் பின்னே தயிர். அதனை மிதித்தபடி தெருத்தெருவாகச் சென்று விற்ற ஓர் இளைஞர். ஆண்டுகள் உருண்டன, அவர் ஆலை முதலாளி. மேலும் சில ஆண்டுகள்; அவர் தலைநகரின் மேயர். இன்னும் இரண்டே ஆண்டுகள். அவர் ஒரு நாட்டின் குடியரசுத் தலைவர்! கற்பனைக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஆப்பிரிக்காவின் கீழைக் கரைக்கு அப்பால், இந்துமாக்கடலில் நீண்டு கிடக்கும் மடகாஸ்கர் தீவில் நடந்த வரலாறு இது. அவர் பெயர் மார்க் ரவலோமனானா.

உழைத்தவன் உயர்ந்தான் என்ற செய்தி கேட்டு நாம் மகிழ்கிறோம்; மகிழத்தான் வேண்டும். ஆனால், அவன் உயர்ந்தான், அவனை உயர்த்திய மக்கள் உயர்ந்தனரா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த வரலாற்றை மூடிவிடக் கூடாது.

முதலில் அந்தத் தீவின் நிலையை அறிவோம். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்தவரும், ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்தவரும் கலந்து உருவான மக்கள் அங்கே வாழ்கின்றனர். நடுமேட்டு நிலத்தில் மெரினா மக்கள். கடலோரத்தில் பிற இனத்தார். மெரினா மன்னராட்சியில் பிரபுக்களுக்கு ஆண்ட்ரியானா என்று பெயர். பொதுமக்களுக்கு ஹோவா என்று பெயர். அடிமைகளுக்கு ஆண்டேவோ என்று பெயர். பிறப்பே ஒருவன் தலையெழுத்தைத் தீர்த்துவைத்த சமுதாயம்! 1896-இல் பிரெஞ்சு ஆதிக்கம் தீவை விழுங்கியது. அவ்வாண்டிலேயே அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அதன் வடு மட்டும் ஒழியவில்லை. 1960 சூன் 26-இல் விடுதலை மலர்ந்தது. 1972 மே 13-இல் தலைநகர் அந்தனனாரிவோவில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது, குண்டுகள் பாய்ந்தன, முதற் குடியரசுத் தலைவர் சிரனானா அதிகாரத்தைத் துறந்தார். அந்த நாளின் பெயரையே தாங்கி நிற்கிறது, நகரின் நடுவே மே 13 சதுக்கம். பின்னர் 1975-இல் கடற்படைத் தளபதி டிடியே ரட்சிராக்கா ஆட்சியேறினார். சமதருமம் பேசினார், 1993-இல் இறங்கினார், 1997-இல் மீண்டும் ஏறினார். ஏழ்மையோ இறங்கவே இல்லை.

இந்தச் சூழலில்தான் ரவலோமனானா வளர்ந்தார். 1949-இல் தலைநகருக்கு அருகே இமெரின்காசினினா என்னும் சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் செய்த தயிரை விற்றுத் தொடங்கிய தொழில் பெருகியது. புராட்டஸ்டண்டு திருச்சபையினரின் துணையோடு உலக வங்கியின் கடன் கிடைத்தது, ஆலை எழுந்தது, 'டிக்கோ' என்ற பெயர் பாலிலும் தயிரிலும் எண்ணெயிலும் ஒளிர்ந்தது. உள்நாட்டார் கையிலிருந்த நிறுவனங்களுள் அதுவே முதலிடம் பெற்றது. அயலான் பொருளையே நம்பி வாழ்ந்த நாட்டில் இது சிறுமையான சாதனை அன்று.

1999-இல் அவர் தலைநகரின் மேயரானார். குப்பை மண்டிய தெருக்களைத் துப்புரவு செய்தார். 2001 டிசம்பரில் ரட்சிராக்காவையே எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். தமக்கு 46 விழுக்காடு, எதிரிக்கு 41 விழுக்காடு, ஆகவே இரண்டாம் சுற்று வேண்டும் என்றது அரசின் கணக்கு. பாதிக்கு மேல் பெற்றுவிட்டேன், வாக்குகள் திருடப்பட்டன என்றார் ரவலோமனானா. மே 13 சதுக்கம் மக்கள் கடலாயிற்று. 2002 பிப்ரவரி 22-இல் அவர் தம்மைத் தாமே தலைவரென அறிவித்துக்கொண்டார். ஒரு நாடு, இரண்டு அரசுகள், இரண்டு தலைநகரங்கள்! துறைமுக நகரான துவாமசினாவில் ரட்சிராக்கா அமர்ந்தார், அவர் ஆட்கள் பாலங்களைத் தகர்த்தனர், சாலைகளை மறித்தனர், தலைநகரில் எரிபொருளுக்குப் பஞ்சம். மறு எண்ணிக்கைக்குப்பின் ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரவலோமனானாவுக்கு 51 விழுக்காடு என்று தீர்ப்பளித்தது. சூலையில் ரட்சிராக்கா பிரான்சுக்கு ஓடினார்.

மக்கள் வென்றனர்! ஆம், அன்று வென்றனர். புதிய ஆட்சி சாலைகளைச் செப்பனிட்டது; தொடக்கப் பள்ளியில் கட்டணத்தை நீக்கியது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைந்தனர். இவற்றை மறைப்பது நேர்மையன்று. 2006-இல் மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு.

ஆனால், கடையின் கல்லாவுக்கும் கருவூலத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்க வேண்டும் அன்றோ! அந்தச் சுவர் அங்கே எழவில்லை. நாட்டின் தலைவரே பெரும் நிறுவனத்தின் முதலாளி. வரி விதிப்பவரும் அவர். வரி செலுத்த வேண்டியவரும் அவர். ஒப்பந்தம் தருவது அவர் அரசு. சாலை போடும் தொழிலிலும் அவர் குழுமம். போட்டி வணிகர் முணுமுணுத்தனர். பின்னர் உரக்கவே குற்றஞ்சாட்டினர். மக்களில் பெரும்பாலோர் வறுமையில் உழன்ற நாட்டில், 2008-இல் தலைவருக்கென 6 கோடி டாலரில் விமானம் வாங்கப்பட்டது. கடன் கொடுத்து வந்த உலக வங்கியே முகம் சுளித்தது.

முதலாளியின் கையில் மற்றொரு கருவியும் இருந்தது, மதம்! பெரும் புராட்டஸ்டண்டு திருச்சபையின் துணைத் தலைவராக இருந்துகொண்டே அவர் நாட்டின் தலைவராகவும் இருந்தார். தேர்தல் முழக்கத்தையே நற்செய்தி நூலிலிருந்து எடுத்தார். 2007 ஏப்ரலில் பொது வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, 'மதச்சார்பற்ற' என்ற சொல் அதிலிருந்து அகற்றப்பட்டது. சொல் ஒன்றுதானே என்பீர்களோ? அந்தச் சொல் காவல் நின்ற இடம் எது? கிறித்தவனும் முஸ்லிமும், முன்னோரை வழிபடுவோனும், எதையும் வழிபடாதவனும் ஒரே தகுதியோடு நிற்கும் வாயில்! காவலனை அகற்றியபின் வாயில் யாருடையது? 2010-இல் வந்த அரசியல் சட்டம் அந்தச் சொல்லைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும் மிஞ்சிய பேரம் 2008 நவம்பரில் வெளிவந்தது. தென்கொரியாவின் டேவூ லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கு 13 இலட்சம் எக்டேர் நிலம், 99 ஆண்டுக் குத்தகைக்கு! உழத்தக்க நிலத்தில் ஏறத்தாழப் பாதி என்று கணக்கிட்டன ஏடுகள். அங்கே விளையும் மக்காச்சோளம் கொரியாவுக்குச் செல்லும். உழவனுக்கோ கூலி கிடைக்கலாம் என்ற வாக்குறுதி. மடகாஸ்கர் மக்கள் தம் மண்ணைத் 'தனின்ட்ராசனா', முன்னோர் நிலம், என்று அழைப்பவர்கள். கணக்கேட்டில் அது வெறும் எக்டேர். உழவன் நெஞ்சில் அது அவன் வாழ்வு. சரக்கை விற்றுப் பழகிய கண்ணுக்கு நாடும் சரக்காகவே தெரிந்தது போலும்!

அதே ஆண்டு டிசம்பரில், ரட்சிராக்காவின் பேட்டியை ஒளிபரப்பியதற்காக 'விவா' தொலைக்காட்சி மூடப்பட்டது. அதன் உரிமையாளர் ஆண்ட்ரி ரஜோலினா, தலைநகரின் புதிய மேயர். அவரும் ஒரு வணிகர்! கிளர்ச்சி மூண்டது. 2009 சனவரியில் டிக்கோவின் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. எரிந்த கட்டடங்களுக்குள் ஏழைகள் பலர் கருகினர். பிப்ரவரி 7-இல் அரண்மனை நோக்கிச் சென்ற கூட்டத்தின்மீது காவற்படை சுட்டது. 28 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 1972-இல் மாணவரைச் சுட்ட ஆட்சி சாய்ந்தது போலவே இந்த ஆட்சியும் சாய்ந்தது. மார்ச் 17-இல் ரவலோமனானா பதவி துறந்தார். படையினர் அதிகாரத்தை வாங்கி ரஜோலினாவிடம் அளித்தனர். டேவூ பேரம் கிழிக்கப்பட்டது. முன்னாள் தலைவர் தென்னாப்பிரிக்காவில் அடைக்கலம் புகுந்தார், 2014-இல் திரும்பி வந்தார், கைதானார், விடுபட்டார், 2018 தேர்தலில் அதே ரஜோலினாவிடம் தோற்றார்.

கதை அத்துடன் முடிந்ததா? 2025 செப்டம்பரில் தண்ணீரும் மின்சாரமும் கேட்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தனர். அக்டோபரில் ரஜோலினாவும் நாட்டைவிட்டு வெளியேறினார். படைத்துறையினர் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினர். 2009-இல் அவரை ஏற்றிவைத்த அதே படைப்பிரிவுதான் அவரை இறக்கியது!

இளைஞர்காள்! தளபதி போனார், வணிகர் வந்தார். வணிகர் போனார், மற்றொரு வணிகர் வந்தார். அவரும் போனார், படை வந்தது. மாறியது ஆள், மாறாதது முறை. ஒவ்வொரு முறையும் சதுக்கத்தை நிரப்பியவன் ஏழை. பீடத்தை நிரப்பியவன் வேறொருவன். கடையை நடத்தத் தெரிந்தவர் நாட்டையும் நடத்திவிடுவார் என்ற நம்பிக்கை எளிதில் பிறக்கும். ஆனால் கடைக்கு ஒருவரே உரிமையாளர். நாட்டுக்கோ நாட்டார் அனைவரும் உரிமையாளர். கடையில் கணக்குக் கேட்பவன் முதலாளி. நாட்டில் கணக்குக் கேட்க வேண்டியவன் குடிமகன். அவன் கேட்க மறந்தால், கருவூலம் கல்லாவாகும், மண் சரக்காகும், மதம் விளம்பரமாகும். மடகாஸ்கரின் சதுக்கம் நமக்குச் சொல்வது இதுவே: தலைவனைத் தேர்ந்தெடுத்த அன்று மக்களின் வேலை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது.