நகல் சந்தையும் நிலைத்த தரமும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் வீடியோ கேம் பெட்டித் தேர்வு, சுமார் 1990–2013

இந்திய நகரங்களில் நகல் சரக்கு புழங்கிய வரலாற்றை எழுதும் எவரும் ரவி சுந்தரத்தின் 'பைரேட் மாடர்னிட்டி' நூலைத் தொடாமல் போக முடியாது. 2009-இல் வந்த அந்நூல் தில்லியைப் பற்றியது. ஆனால் அதன் வாதம் மற்ற நகரங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்ற எண்ணம் பின்னால் எழுதியவர்களிடம் பரவலாக இருக்கிறது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று இடங்களின் வீடுகளுக்குள் வந்த வீடியோ கேம் பெட்டிகளை வைத்துப் பார்த்தால், அந்த வாதம் ஒரு முக்கியமான இடத்தில் இடறுகிறது என்பதே இக்கட்டுரையின் தரப்பு.

முதலில் சுந்தரம் சொல்வதை முழுமையாக எடுத்துக்கொள்வோம். 1980-களில் ஆடியோ கேசட்டும் வீடியோவும் மலிந்தபோது, சட்டப்படியான நகரத்துக்கு வெளியே வாழ்ந்த மக்களும் ஊடக உலகுக்குள் நுழைந்தார்கள். நுழைய உதவியது நகல். பாலிகா பஜார், லஜ்பத் ராய் மார்க்கெட், நேரு பிளேஸ் போன்ற இடங்கள் அந்த நுழைவாயில்கள். இந்தப் புழக்கத்தை அவர் கலகமாகவோ சொத்துரிமைக்கு எதிரான கொள்கையாகவோ பார்ப்பதில்லை. அன்றாடப் பிழைப்பின் சாமர்த்தியமாகப் பார்க்கிறார். அசல் உயர்ந்தது, நகல் தாழ்ந்தது என்ற வரிசையையும் அவர் ஏற்பதில்லை. இவ்வளவும் எனக்கு உடன்பாடே.

சிக்கல் அடுத்த படியில்தான். அவர் காட்டும் நகல் உலகம் ஓயாமல் அசைவது. பொருள் வருகிறது, பழுதாகிறது, பிரித்து மறுபடி சேர்க்கப்படுகிறது, வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கிறது. வேகமும் அற்பாயுளும் அதன் இயல்பு. என் வாசிப்பில், நூலின் ஆற்றல் முழுவதும் இந்தச் சித்திரத்திலிருந்தே பிறக்கிறது. திரைப்பட விசிடிக்கு இது பொருந்தலாம். வெள்ளிக்கிழமை வந்த படத்தின் தட்டுக்கு அடுத்த மாதம் மதிப்பில்லை. வீடியோ கேம் பெட்டி வேறு வகைப் பொருள். அது தனியாக நின்றால் பயன் இல்லை, கேசட் வேண்டும். அந்தக் கேசட் பக்கத்து வீட்டுப் பெட்டியிலும் ஓடினால்தான் இரவல் கொடுத்து வாங்க முடியும். ஆகவே இங்கே நகல் சந்தை எதையும் கலைத்துப் போடவில்லை. ஒரே ஒரு தரத்தை வேரூன்றச் செய்து, நிறுவனங்கள் கைவிட்ட பிறகும் அதைப் பல ஆண்டு காப்பாற்றியது.

பின்னணி தெரிந்ததே. நின்டெண்டோ ஃபேமிகாமை ஜப்பானில் 1983-இல் வெளியிட்டது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அதையே நெஸ் என்று உருமாற்றி அனுப்பியபோது இரண்டு மாற்றங்கள் செய்தது. கேசட்டின் 60 பின் 72 ஆனது. உரிமம் இல்லாத கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் சில்லும் உள்ளே சேர்ந்தது. ஃபேமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. தைவானில் பெருகிய நகல்கள் 60 பின் வழியைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. இந்தியாவில் நெஸ் 'சாமுராய்' என்ற பெயரில் விற்கப்பட்டது. மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலான பெயர்களில் வந்தவை நகல்கள். இவற்றோடு 1995 ஏப்ரலில் சேகாவின் மெகா டிரைவ் சேர்ந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தாண்டுவதற்காக ஷா வாலஸ் நிறுவனத்துடன் சேகா விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படியும் பெட்டியின் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அது கலர் டிவி வாங்கும் பணம்.

விலையே எல்லாவற்றையும் தீர்த்தது என்று இங்கேயே முடித்துவிடலாம். விலை தீர்த்தது பாதிதான். மீதிப் பாதிக்குச் சான்றாக நான் வைப்பது ஒரே ஒரு கேசட்.

தாராவி 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் ஒரு கொட்டகையில் அது கிடைத்தது. மஞ்சள் ஓடு, 60 பின். முன்பக்க ஒட்டுத்தாளில் '9999999 இன் 1' என்ற எண்ணும் கலவையான பொம்மைப் படங்களும் உண்டு. தயாரித்தவர் பெயர், நாடு, ஆண்டு எதுவும் இல்லை. ஓட்டைத் திறந்தால் சிறிய பச்சைப் பலகையில் கறுப்புப் பிசின் சொட்டு. சில்லுக்கு உறை கூட இல்லாமல் பிசினால் மூடிவிட்டிருக்கிறார்கள். பெட்டியில் செருகினால் கடற்கரை, தென்னை மரங்கள், பறக்கும் கடற்பறவைகள். பின்னணியில் 'அன்செயின்டு மெலடி' பாட்டின் மெட்டு. பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது, உள்ளே இருப்பதோ கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்டங்கள். அதே மாரியோ வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கி வெவ்வேறு பெயரில் வருகிறது. அதே கான்ட்ராவும் அப்படியே.

இதன் காலம் என்ன? பட்டியலில் உள்ள ஆட்டங்களில் கடைசியாக வெளியானது கான்ட்ரா. அதன் ஃபேமிகாம் வடிவம் 1988-இல் வந்தது. ஆகவே கேசட் அதற்கு முந்தியதல்ல. மெட்டை வைத்து இன்னும் சற்று முன்னே நகரலாம். பாட்டு 1955-இல் பிறந்தது, 1965-இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் குரலில் பரவியது. ஆனால் 1990-இல் வந்த 'கோஸ்ட்' திரைப்படம்தான் அதை மறுபடி உலகெங்கும் முணுமுணுக்க வைத்தது. அந்த அலையில் யாரோ ஒரு நிரலாளர் அதைப் பட்டியல் பக்கத்தில் போட்டிருப்பார் என்று கொள்வது இயல்பு. இது முடிவான சான்றல்ல. பழைய பாட்டை யாரும் எப்போதும் எடுத்தாளலாம். 1990-க்குப் பிந்தியது என்பதை வலுவான ஊகமாக மட்டும் வைக்கிறேன். மேல் எல்லையைச் சொல்ல எனக்கு வழியில்லை. இத்தகைய கேசட்டுகள் நெடுங்காலம் மாறாமல் அச்சாகிக்கொண்டே இருந்தன.

என் வாதத்துக்கு முக்கியமானது ஓட்டின் பின்புறம். அங்கே பால்பாயின்ட் பேனாவால் ஆங்கில எழுத்தில் 'பி/7' என்று அழுத்தி எழுதி, பிறகு இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு மையில், வேறொரு கையெழுத்தில், தமிழில் 'மு.' என்ற ஒற்றை எழுத்து.

நம் வீடுகளில் கல்யாணத்துக்கு இரவல் போகும் பாத்திரத்தில்தான் பெயர் வெட்டுவோம். அடுப்படியை விட்டு அசையாத பாத்திரத்துக்கு யாரும் பெயர் வெட்டிக்கொண்டிருப்பதில்லை. கேசட்டில் வீட்டு எண் எழுதியவர் அது வெளியே போய்த் திரும்ப வேண்டிய பொருள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். திரும்ப வேண்டுமானால் அது முதலில் அடுத்த வீட்டுப் பெட்டியில் பொருந்த வேண்டும். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் அந்நாளில் பிள்ளைகளாக இருந்தவர்களைக் கேட்டால், பெட்டியின் பெயர் பலருக்கு நினைவில்லை. யாரிடம் எந்தக் கேசட் இருந்தது என்பதைத் தயங்காமல் சொல்கிறார்கள்.

இரண்டாவது எழுத்து இன்னும் சுவையானது. 'பி/7' அடுக்குமாடிக் குடியிருப்பின் எண் போலத் தெரிகிறது. தமிழ் எழுத்தில் குறிப்பவர், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருக்கலாம். அப்படியானால் கேசட் ஒரு காலனியிலிருந்து தாராவிக்குக் கைமாறியிருக்கிறது. தரம் ஒன்றாக இருந்ததால் கைமாறிய பிறகும் உயிரோடு இருந்திருக்கிறது. மாற்று விளக்கம் இல்லாமல் இல்லை. தாராவியின் டிரான்சிட் கேம்ப்களிலும் இப்படி எண் உண்டு, மாட்டுங்காவிலும் தமிழில் எழுதும் பிள்ளைகள் உண்டு. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு என்று நான் வற்புறுத்தவில்லை. இரண்டு கைகளில் இருந்தது, இரண்டு பெட்டிகளில் ஓடியது. இதற்கு மேல் என் வாதத்துக்குத் தேவையும் இல்லை.

சுந்தரத்தின் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும்: சாமுராய் தோற்றது சட்டப்படியான சரக்கு என்பதால், நகல் வென்றது நகல் என்பதால், இதில் 'தரம்' எங்கே வந்தது? ரஷ்யாவைப் பார்க்கலாம். அங்கே 1992-இல் ஸ்டீப்ளர் நிறுவனம் டெண்டி என்ற ஃபேமிகாம் நகலை விளம்பரமும் கடையும் வைத்து விற்றது. பிறகு மெகா டிரைவின் நகல்களும் அங்கே வீடு வீடாகப் பரவின. மெகா டிரைவுக்கும் திருட்டுக் கேசட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நகல் என்பதே வெற்றியின் காரணம் என்றால் மும்பையிலும் மலிவான மெகா டிரைவ் நகல் அப்படிப் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. கையிலிருக்கும் 60 பின் கேசட்டுகளைப் பயனற்றதாக்கும் பெட்டி, நகலானாலும் அசலானாலும், குடும்பங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தியத் தொலைக்காட்சி பால் முறை. நொடிக்கு 50 துடிப்பு. ஜப்பானிய ஆட்டங்கள் 60 துடிப்புக்கு எழுதப்பட்டவை. ஐரோப்பிய நெஸ்ஸில் அவற்றை ஓட்டினால் ஆட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மந்தமாகும். தைவானின் யுஎம்சி நிறுவனம் பால் நாடுகளுக்கான நகல்களுக்கென்று செய்த சில்லுகள், ஜப்பானிய ஆட்டங்கள் இடறாமல் ஓடும்படி உள்கணக்கை மாற்றியிருந்தன. நகல் செய்தவர்கள் தம் சந்தையின் கேசட் எது என்று பார்த்து, அதற்கேற்பப் பெட்டியைத் திருத்தினார்கள். இது கண்மூடித்தனமான பிரதியெடுப்பு அல்ல. ஒரு தரத்தைப் பராமரிக்கும் வேலை.

சுந்தரத்தின் வாதம் வலுவாக நிற்கும் இடம் பிளேஸ்டேஷன் 2-இன் காலம். லேமிங்டன் சாலையில் சிப் போட்ட பெட்டியும் நகல் தட்டும் தாராளமாகக் கிடைத்தன. தட்டு மலிவு என்பதால்தான் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு 2006 செப்டம்பரில் வந்தது; விலை 19,990, 23,990 என்று இரண்டு நிலை. விளம்பரத்துக்கு யுவராஜ் சிங்கும் அக்‌ஷய் குமாரும். பிளேஸ்டேஷன் 3 வந்தது 2007 ஏப்ரலில், 39,990 ரூபாய்க்கு. இவற்றில் 360-இல் நகல் தட்டு ஓட்ட வழி தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பிஎஸ் 3-இன் பூட்டு 2010 வரை உடையவில்லை. நகல்தான் தேர்வைத் தீர்மானித்தது என்றால் பழைய பெட்டியை விட்டு எல்லாரும் 360-க்குத் தாவியிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை என்பதற்கு சோனியின் தரப்பிலிருந்தே சான்று கிடைக்கிறது. 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-இல் வந்தது, பிளேஸ்டேஷன் 2-க்கு. 2011-இல் 'ரா.ஒன்' ஆட்டம் பிஎஸ் 3-க்கு மட்டும் வராமல் பிஎஸ் 2-க்கும் வந்தது. 'டான் 2' ஆட்டம் பிஎஸ் 2-க்கு வந்தது 2013-இல். பெட்டியின் உற்பத்தியே நின்றுவிட்டதாக சோனி அறிவித்தது அந்த ஆண்டு ஜனவரியில். புதிய பெட்டியை விற்கத் துடிக்கும் நிறுவனத்தின் மேடையில் இந்தியக் கதைகள் பழைய பெட்டிக்கே எழுதப்பட்டன என்றால், வீடுகளில் இருந்தது அதுதான். கிரிக்கெட்டும் இதற்குத் துணை நின்றது. இஏ நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07' கணினிக்கும் பிஎஸ் 2-க்கும் மட்டுமே வந்தது. பிஎஸ் 2 மலிந்துகொண்டே போனதும் காரணம்தான். ஆனால் மலிவு மட்டும் போதுமென்றால் 1990-களின் 60 பின் பெட்டி அதைவிட மலிவு. தட்டும் மெமரி கார்டும் கையுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்பது விலைப் பட்டியலில் வராத கணக்கு.

தாராவிக்கு ஒரு திருத்தம் தேவை. அங்கே பலருக்குப் பெட்டி வீட்டுப் பொருளாக இருக்கவில்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் பார்லர்ப் பொருளாக இருந்தது. பெட்டியைத் தேர்ந்தவர் பார்லர்க்காரர். ஆனால் அவரும் தம் வாடிக்கையாளரின் விரல் பழகிய ரிமோட்டைத்தான் வாங்கி வைக்க முடியும். தேர்ந்தவர் மாறினார், தேர்வின் விதி மாறவில்லை என்று கருதுகிறேன். இந்தப் பகுதிக்கு என் சான்று மெலிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதிலிருந்து வரும் முடிவு காலப்பகுப்பைப் பற்றியது. எட்டு பிட், பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட் என்று தலைமுறை தலைமுறையாக எழுதப்படும் உலக வரலாறு இந்த மூன்று இடங்களுக்குப் பொருந்தாது. இங்கே இருந்தவை இரண்டே காலங்கள்: 60 பின் காலம், பிஎஸ் 2 காலம். பதினாறு பிட் என்ற தலைமுறை மும்பைத் தமிழ் வீடுகளில் சில மெகா டிரைவ் பெட்டிகளோடு வந்து போனது. அதை ஒரு காலமாக எண்ண இடமில்லை. முதல் காலம் முடிந்து இரண்டாவது தொடங்கியதை 1998-க்கும் 2003-க்கும் இடையில் எங்கும் வைக்கலாம், அதைவிடக் குறுக்க என்னிடம் உள்ள பொருள்கள் இடம் தரவில்லை. தேதியிட்ட கடைச் சீட்டுகளும் உத்தரவாத அட்டைகளும் கிடைத்தால் அந்த இடைவெளி சுருங்கும். அவை மெகா டிரைவ் நான் நினைப்பதைவிட அதிகம் விற்றதாகக் காட்டினால் என் பகுப்பு திருத்தப்பட வேண்டும். ஆனால் நகல் சந்தை நிலையற்றது என்ற பொதுக் கூற்றை, இரண்டு முறை பத்தாண்டுக்குக் கிட்டே ஒரே செருகுவாயையும் ஒரே தட்டையும் கட்டிக் காத்த ஊரை வைத்து இனி அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது.