ஒரு பேல் கம்பளி, ஒரு மலைநாடு

இன்னைக்கு நாம போற ஊர் லெசோத்தோ. சுத்திலும் தென்னாப்பிரிக்கா, நடுவுல ஒரு குட்டி மலைநாடு.

அங்க மலைக்கிராமங்கள்ல நிறைய குடும்பங்களுக்கு வருஷ வருமானமே ஆட்டுக் கம்பளிதான். ஆனா முப்பது, நாற்பது ஆடு வெச்சிருக்கிறவர் தனியா விற்கப் போனா, வியாபாரி சொல்றதுதான் விலை. ஏன்னா ஏலத்துக்குத் தரம் பிரிச்ச கம்பளி வேணும். பிரிச்சுட்டா, ஒருத்தரோட கம்பளி எந்தத் தரத்திலும் ஒரு பேலை நிரப்பாது.

இங்கதான் ஊர்ச் சங்கம் வருது. எல்லாரும் ஆடுகளைக் கத்தரிக்கிற கொட்டகைக்கு ஓட்டி வருவாங்க. கம்பளியை நீளம், மென்மை, சுத்தம் பார்த்துப் பிரிச்சு, ஒரே தரத்தை ஒண்ணா பேல் கட்டுவாங்க. யாரோடது எத்தனை கிலோன்னு கணக்கு இருக்கும். பேல் தென்னாப்பிரிக்காவின் கெபெர்ஹா (பழைய பேர் போர்ட் எலிசபெத்) ஏலத்துக்குப் போகும். பணம் அந்தக் கணக்குப்படி பிரிஞ்சு வரும்.

2018-ல அரசு ஒரு விதி போட்டது: கம்பளியை நாட்டுக்குள்ளயே ஏலம் விடணும். வேலையும் லாபமும் உள்ளூர்லயே தங்கட்டும்னு காரணம் சொன்னாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பல விவசாயிகளுக்கு மாசக்கணக்கா பணம் வரலை. 2019-ல ஆயிரக்கணக்கானவங்க தலைநகர் மசேருவுல ஊர்வலம் போனாங்க. பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது.

கொட்டகை இருந்தது, பேல் இருந்தது, கணக்கும் இருந்தது. யார்கிட்ட விற்கணும்னு முடிவு பண்ற உரிமை மட்டும் கைமாறிச்சு. சங்கத்தோட உண்மையான பலமே அந்த உரிமைதான்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?