மீன் ஹலால்தான், அது தின்றது என்ன?

சிங்காநல்லூர், உக்கடம், கரும்புக்கடை என்று கோவையில் எந்தப் பகுதியை எடுத்தாலும் கோழிக்கடை நடத்துபவர்களில் நம் சமுதாயத்தவர் கணிசம். 2 கிலோ உயிர்க்கோழியை அறுத்துச் சுத்தம் செய்தால் கறியாகக் கிடைப்பது ஏறக்குறைய 1.4 கிலோ. மீதி குடல், தலை, இறகு, இரத்தம். இரவு கடை அடைக்கும்போது டிரம்மில் சேரும் அந்தக் கழிவை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றுதான் கடைக்காரர் நினைப்பார். எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு.

அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று மீன் குட்டை. தமிழகத்தில் பிடிபட்ட சட்டவிரோத ஆப்பிரிக்கக் கெளுத்திப் பண்ணைகள் பலவற்றில் தீவனமாகக் கிடந்தது பச்சைக் கோழிக்கழிவுதான். இந்த மீனை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் பிறகு அழிக்கச் சொன்னது. ஆனாலும் விடுவதாக இல்லை. காரணம் எளிது: எதையும் தின்னும், வேகமாக வளரும், காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும். கழிவு அழுகித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கும். இது சாகாது. வெள்ளத்தில் தப்பி நொய்யலுக்கோ குளத்துக்கோ போய்விட்டால் நாட்டு மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் தின்றுவிடும்.

உண்பவருக்கு என்ன கெடுதி? பச்சைக் குடலில் சால்மோனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகள் இருக்கும். நன்றாக வேகவைத்தால் அவை சாகும். ஆனால் மீனை வெட்டும் கத்தி, பலகை, கை வழியாகப் பக்கத்திலுள்ள காய்கறிக்கும் பரவும். அதைவிடக் கவலை, கோழிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்தின் எச்சம். கொதிக்க வைத்தாலும் அது முழுமையாக நீங்கும் என்று சொல்ல முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் அது வழிசெய்கிறது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் தரும் கோலிஸ்டின் மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான பிராணிகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது இதனால்தான்.

மீனுக்கு அறுப்பு தேவையில்லை, எனவே கேள்வியே இல்லை என்று பலர் நினைக்கிறோம். ஆனால் அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை ஃபிக்ஹு நூல்கள் 'ஜல்லாலா' என்று தனியாகப் பேசுகின்றன. அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ளது. வாடையிலோ சுவையிலோ மாற்றம் தெரிகிறதா என்பதே அறிஞர்கள் பார்க்கும் அளவுகோல். மாறியிருந்தால் மக்ரூஹ் என்பார் பலர், ஹராம் என்பாரும் உண்டு. சுத்தமான தீவனம் கொடுத்து அடைத்து வைத்து, மாற்றம் நீங்கிய பின் உண்ணலாம். இப்னு உமர் (ரலி) அவ்வாறு கோழியை மூன்று நாள் அடைத்து வைத்ததாக அறிவிப்பு உண்டு. பண்ணை மீனுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: குளத்து மீனில் வரும் சேற்று வாடை பெரும்பாலும் நீரிலுள்ள நுண்ணுயிர்களால் வருவது. அதை வைத்து அசுத்தம் என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

குட்டையில் மாட்டுச்சாணம் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. அளவாகப் போட்ட சாணம் பெரும்பாலும் உரமாகி மிதவை நுண்ணுயிர்களை வளர்க்கிறது, கெண்டை மீன்கள் அவற்றைத் தின்கின்றன. அதுபோல உயர்வெப்பத்தில் பதப்படுத்தி அரைத்த கோழிக்கழிவுத் தூளும் பச்சைக் கழிவும் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பதப்படுத்திய கோழி, பன்றிப் புரதத்தை மீன் தீவனத்தில் அனுமதிக்கிறது. அங்கே வசிக்கும் நம் பிள்ளைகள் பண்ணை மீன் வாங்கும்போது இதையும் விசாரிப்பது நல்லது.

சந்தையில் அடையாளம் காண்பது கடினமில்லை. விரால் என்று சொல்லி விற்றால் செதிலைப் பாருங்கள். விராலுக்குச் செதில் உண்டு, மீசை இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குச் செதில் கிடையாது, தட்டையான தலை, நான்கு ஜோடி மீசை, முதுகுத் துடுப்பு வால் வரை நீண்டிருக்கும். தலையை வெட்டித் தோலுரித்துத் துண்டாக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள்.

கடைக்காரர்கள் கழிவை எடுக்கும் வண்டிக்காரரிடம் எந்த ஆலைக்கு, எந்தக் கிடங்குக்குப் போகிறது என்று கேட்டு, ரசீது வாங்கி வையுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் டிரம்மைக் கொடுக்காதீர்கள். குட்டையில் கழிவு கொட்டுவது தெரிந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ உணவுப் பாதுகாப்புத் துறையிலோ புகார் கொடுக்கலாம்.