இறப்புகளுக்குக் காரணம் கேட்ட எழுத்து: ஜெஸ்மின் வார்ட்

புனைவுக்கான அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட் விருதை இருமுறை (2011, 2017) வென்ற முதல் பெண், முதல் கறுப்பின எழுத்தாளர் ஜெஸ்மின் வார்ட். மிசிசிப்பி மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான டிலீலில் கறுப்பின ஏழைகள் எவ்வாறு வாழ்கின்றனர், ஏன் இளமையிலேயே சாகின்றனர் என்னும் இரு கேள்விகளே அவருடைய எழுத்துக்கு அடிப்படை.

பிறப்பும் கல்வியும்

1977இல் கலிபோர்னியாவில் பிறந்த வார்ட், மூன்று வயதில் பெற்றோருடன் டிலீலுக்குத் திரும்பினார். தாயார் வெள்ளையர் வீட்டில் வேலை செய்தவர். அம்முதலாளி கட்டணம் செலுத்த முன்வந்ததால் மகளால் தனியார் பள்ளியில் சேர முடிந்தது. அங்குப் பல ஆண்டுகள் அவர் ஒருவரே கறுப்பின மாணவி. நிறவெறிச் சொற்களைக் கேட்டபடியேதான் அவர் படித்தார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமும் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவருடைய குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் அவரே.

ஐந்து மரணங்கள்

2000ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய தம்பி ஜோஷுவா கார் விபத்தில் இறந்தார். குடிபோதையில் வந்து மோதியவர் ஒரு வெள்ளையர். விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடியதற்காக மட்டுமே அவர் தண்டிக்கப்பட்டார். ஒரு இளைஞனின் உயிரைப் பறித்ததற்குத் தண்டனை ஏதும் இல்லை. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் வார்ட் அறிந்த மேலும் நான்கு கறுப்பின இளைஞர்கள் மடிந்தனர். தற்கொலை, துப்பாக்கிச்சூடு, போதைப்பொருள், ரயில் மோதல் என ஒவ்வொரு சாவும் வெளிப்பார்வைக்குத் தனித்தனி நிகழ்வு.

2013இல் வெளிவந்த ‘மென் வீ ரீப்ட்’ என்னும் தன்வரலாறு அந்தப் பார்வையை மறுக்கிறது. தம் வாழ்க்கையை முன்னோக்கியும் மரணங்களைப் பின்னோக்கியும் சொல்லி, முதலில் இறந்த தம்பியிடம் நூலைக் கொண்டு முடிக்கிறார். வேலையின்மை, கைவிடப்பட்ட பள்ளிகள், எட்டாத மருத்துவம், தலைமுறைகளாகத் தொடரும் நிறவெறி ஆகியவை எல்லா மரணங்களுக்கும் பொதுவான காரணங்களாக எழுந்து நிற்கின்றன. ஆண்களின் துயரோடு, அவர்கள் விட்டுச் சென்ற சுமையைத் தாங்கிய பெண்களின் உழைப்பையும் அந்நூல் பதிவுசெய்கிறது. எனவே, அதனை இரங்கல் நூலாகவும் குற்றப்பத்திரிகையாகவும் நாம் வாசிக்கலாம்.

புயலும் நாவல்களும்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரை கடந்தபோது வார்ட் ஊரில் இருந்தார். பாட்டியின் வீட்டுக்குள் வெள்ளம் புகவே, குடும்பம் வெளியேறி அருகிலிருந்த ஒரு வயலில் ஒதுங்கியது. நிலத்தின் வெள்ளை உரிமையாளர்கள் தம் வீட்டில் இடமில்லை என்று கூறிவிட்டனர். சற்றுத் தொலைவிலிருந்த மற்றொரு வெள்ளையர் குடும்பமே பின்னர் அடைக்கலம் தந்தது. இதற்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரால் புனைவு எழுத இயலவில்லை. எழுத்தைக் கைவிட்டுச் செவிலியர் படிப்பில் சேரலாம் என எண்ணிய வேளையில்தான் முதல் நாவலுக்குப் பதிப்பகம் கிடைத்தது. ‘வேர் த லைன் ப்ளீட்ஸ்’ 2008இல் வெளியானது.

2011இல் வந்த ‘சால்வேஜ் த போன்ஸ்’, புயலை ஒட்டிய பன்னிரண்டு நாட்களின் கதை. தாயை இழந்த, கருவுற்றிருக்கும் பதினைந்து வயதுச் சிறுமி எஷ் அதைச் சொல்கிறாள். கிரேக்கத் தொன்மத்தின் மெதேயாவைப் படிக்கும் அவள், அக்கதையில் தன்னைக் காண்கிறாள். உலக இலக்கியம் ஏழைச் சிறுமிக்கும் உரிமையுடையது என்பது இங்கே வாதமின்றி நிறுவப்படுகிறது.

2017இல் வந்த ‘சிங், அன்பரீட், சிங்’ பார்ச்மன் சிறையை மையமாகக் கொண்டது. 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால், குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கின் நிழலில் வளர்ந்ததே, கைதிகளைப் பருத்தி வயல்களில் உழைக்கவைத்த பார்ச்மன் பண்ணை. நாவலில் அங்கு அடைக்கப்பட்டு இறந்த சிறுவன் ரிச்சி ஆவியாக வந்து, தன் சாவு எப்படி நேர்ந்தது என்று கேட்கிறான். வரலாறு எழுதாமல் விட்டதை ஆவி கேட்கிறது.

2023இல் வெளியான ‘லெட் அஸ் டிசெண்ட்’ அடிமைச் சந்தையின் காலத்துக்கே செல்கிறது. தன் தந்தையாகிய உடைமையாளனாலேயே விற்கப்படும் ஆனிஸ், கரோலினாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை நடத்தியே கொண்டுசெல்லப்படுகிறாள்.

ஊர் திரும்பிய எழுத்தாளர்

2017இல் மக்ஆர்தர் நல்கை பெற்ற வார்ட், 2022இல் காங்கிரஸ் நூலகத்தின் அமெரிக்கப் புனைவுப் பரிசை 45ஆம் வயதில் பெற்றார். அப்பரிசை வென்றோருள் இளையவர் அவரே. டுலேன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அவர், தம்பியைப் பறித்த அதே மிசிசிப்பியையே தம் வாழிடமாகத் தேர்ந்துகொண்டார். அவருடைய முதல் மூன்று நாவல்களும் புவா சோவாஜ் என்னும் கற்பனை ஊரில் நிகழ்பவை. டிலீலின் மண்ணும் மனிதர்களுமே அந்த ஊருக்கு உருக்கொடுத்தன.

வார்ட்டை முதன்முறை வாசிக்கும் மாணவர்கள் ‘மென் வீ ரீப்ட்’ நூலிலிருந்து தொடங்கலாம் என்பது நம் பரிந்துரை. ஒரு மரணத்தைத் தனிமனிதத் தவறு என்று பதிவேடு முடித்துவைக்கும்போது, அதற்குப் பின்னுள்ள காரணங்களை எவ்வாறு தேடிச் செல்வது என்பதை அந்நூல் கற்றுத் தருகிறது.