மார்புச் சோதனையும் மலைநாட்டுத் தமிழ் ஆடவரும்

நோய் முற்றிய பின் வைத்தியரைத் தேடி ஓடுவது உலகத்தார் வழக்கம். நோய் உடலுள் ஒளிந்திருக்கும் காலத்திலேயே அதனைத் தேடிக் காண்பது அறிவுடையார் வழக்கம். இவ்விரண்டாம் வழக்கம் சிறந்த பயன் தந்த இடங்களுள் ஒன்று, நம்மவர் வியர்வை சிந்திய கிள்ளான் நகரமாகும். அதே கிள்ளானிலும், பிரிக்பீல்ட்ஸ் முதலிய கோலாலம்பூர்ப் பகுதிகளிலும், நுரையீரற் புற்றுநோய்ச் சோதனை என்ற பேச்சை எடுத்தாலே நம் ஆடவர் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். இம்முரண்பாடு எங்ஙனம் விளைந்தது? இதனைக் கோழைத்தனம் என்றோ அறியாமை என்றோ சொல்லி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் சரித்திரம் வேறொன்று சொல்கிறது.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்ஸன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு இளம் வைத்தியர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என வழங்குவது அதுவே. ஊரும் துறையும் மலேரியாக் காய்ச்சலாற் பாழாகிக் கிடந்தன. மலேரியா கொசுவினாற் பரவுவது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்ஸன் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டுவித்து, காட்டைத் திருத்துவித்து, கொசு முட்டையிட இடமின்றிச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் இறந்தோர் 582 பேர். 1902இல் 144 பேர். 1903இல் 115 பேர். மருந்தினால் மட்டும் விளைந்த மாறுதலன்று இது; நோய்க்கு முந்திச் சென்றதனால் விளைந்தது.

பின்னர் அவர் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றார். அங்கே படுக்கையிற் கிடந்தோரை மட்டுமா பார்த்தார்? இல்லை. லயத்து வாசலில் நின்ற பிள்ளைகளையும் அழைத்து, வயிற்றில் கைவைத்து, மண்ணீரல் வீங்கியுள்ளதா எனச் சோதித்தார். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்ற கணக்கைக் கொண்டே அத்தோட்டத்தில் நோய் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்று அறிந்தார். நோயாளி என்று தன்னை அறியாதவனிடத்தில் நோயைத் தேடும் இம்முறைக்கே இன்று முன்சோதனை என்று பெயர். நம் தமிழ்ப் பிள்ளைகளின் உடம்பினின்றும் உலகம் கற்ற பாடம் இது.

ஆயினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அக்காலத்துத் தமிழ்த் தொழிலாளி சோதனையைத் தானே விரும்பிக் கேட்டவனல்லன். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவனை நிறுத்திப் பார்த்தனர். கடல் கடந்து வந்து இறங்கியபின் தனிப்படுத்தும் இடங்களில் வைத்துப் பார்த்தனர். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நிறுத்திக் கண்காணித்தனர். பார்த்தவர் கேட்ட கேள்வி, ‘இவன் நலமாயிருக்கிறானா?’ என்பதன்று; ‘இவன் வேலைக்கு ஆவானா?’ என்பதே. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியும், 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டதும், 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததும் அவனுடைய நிலையைப் பல வகையில் மாற்றின. எனினும் வேலை செய்த நாளுக்கே கூலி என்ற விதி அவனை விடவில்லை. நோய் என்று ஒப்புக்கொண்டால் கூலி போயிற்று. ஆஸ்பத்திரியோ, போனவர் திரும்பாத இடம் என்று லயங்களில் அஞ்சப்பட்டது. ஆகவே, இருமலை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவனே ஆண்மகன் என்ற எண்ணம் வளர்ந்தது. அன்று அது பிழைக்கும் உபாயம். உபாயம் வழக்கமாயிற்று, வழக்கம் பெருமையாயிற்று.

பின்பு காசநோய் வந்து இவ்வழக்கத்திற்கு உரமிட்டது. ராண்ட்ஜன் 1895இல் கண்டறிந்த எக்ஸ்ரே மார்பினுள்ளே நிழலைக் காட்டிற்று. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் காசநோய்க்கு நல்ல மருந்துகள் தோன்றின. 1950க்குப் பிந்திய ஆண்டுகளில் கோலாலம்பூர் செராஸில், ஹை கமிஷனரின் மனைவியார் பெயரால் லேடி டெம்ப்ளர் ஆஸ்பத்திரி எழுந்தது. 1961இல் நாடு தழுவிய காசநோய்த் தடுப்புத் திட்டமும் தொடங்கிற்று. நோய் தீரக்கூடியதாயிற்று, ஆனால் அதன் மீதிருந்த இழிவுப் பெயர் தீரவில்லை. மார்புப் படம் எடுத்த வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்கினர். படத்தில் நிழல் விழுந்தால் குடும்பத்தின் மீதே நிழல் விழுந்ததாகக் கருதினர். இவ்வச்சத்தையும் தந்தையிடமிருந்து மகன் பெற்றான்.

இங்ஙனம் பழகிய மனத்தின் முன்னேதான் நுரையீரற் புற்றுநோய் வந்து நிற்கிறது. 1950இல் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவர், புகைபிடித்தலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் ஆஸ்பத்திரி நோயாளரைக் கொண்டு எடுத்துக்காட்டினர். இதனை முன்கூட்டியே கண்டுபிடிக்க எக்ஸ்ரே உதவுமா என்று 1970க்குப் பிந்திய ஆண்டுகளில் சோதித்துப் பார்த்தனர்; கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டனவேயன்றி இறப்புக் குறையவில்லை. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. படமே புதுவழி திறந்தது. அமெரிக்காவில் 53,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011இல் வெளிவந்தது: குறைந்த கதிரளவுடைய சி.டி. படம் எடுத்தோரிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு, எக்ஸ்ரே எடுத்தோரிடையே நேர்ந்ததைவிட நூற்றுக்கு 20 வீதம் குறைந்தது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆராய்ச்சி, பத்தாண்டுக் கணக்கில் ஆடவரிடையே 24 வீதம் குறைந்ததை 2020இல் காட்டிற்று.

உண்மையை மறைத்துப் பிரசாரம் செய்தல் நமது நோக்கமன்று. அமெரிக்க ஆராய்ச்சியில் ஐயத்துக்குரியனவெனக் கண்ட படங்களுள் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை புற்றுநோயல்ல என்று பின்னர்த் தெளிந்தன. அதுவரை அம்மனிதர்க்கு வீண்கவலையே. ஆதலின் இச்சோதனை எல்லோர்க்கும் உரியதன்று. 2021இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த அளவுப்படி, 50 முதல் 80 வயதுக்குட்பட்டு, நாளொன்றுக்கு 20 சிகரெட்டு வீதம் 20 ஆண்டு பிடித்ததற்கு ஈடாகப் புகைத்தவராய், இன்னும் புகைப்போர்க்கும் விட்டு 15 ஆண்டு ஆகாதோர்க்குமே அது உரியது.

இந்நாட்டு நிலை யாது? 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய ஆடவரில் நூற்றுக்கு 40 பேர்க்குக் குறையாமல் புகைத்தனர். பெண்டிரில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு, நுரையீரற் புற்றுநோயாளரில் நூற்றுக்கு 90 பேர்க்கு மேல் மூன்றாம் நான்காம் நிலையிலேயே கண்டறியப்பட்டதைக் கூறுகிறது. அதாவது, கதவு அடைபடும் வேளையிலேதான் கதவைத் தட்டுகிறோம்.

நம் ஆடவர் கூறும் சமாதானங்கள் மூன்று. ‘எனக்கு ஒன்றுமில்லையே’ என்பது முதலாவது. வாட்ஸன் தொட்டுப் பார்த்த பிள்ளைகளிலும் பலர் ஒன்றுமில்லாதவராய் நடமாடியவரே. ‘தெரிந்தால் மட்டும் என்ன லாபம்? தலையெழுத்து’ என்பது இரண்டாவது. 582 இறப்பு 115 ஆயிற்றே, இரண்டாண்டில் அத்தனை பேர் தலையெழுத்தையும் யார் மாற்றி எழுதினார்? வாய்க்கால் வெட்டிய மண்வெட்டிதானே! ‘இத்தனை காலம் புகைத்தாயிற்று, இனி என்ன?’ என்பது மூன்றாவது. டால் தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சி 34,000க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண் வைத்தியர்களை 1951 முதல் ஐம்பதாண்டுக் காலம் தொடர்ந்தது. அதன்படி, விடாது புகைத்தவர் ஏறக்குறைய பத்தாண்டு வாழ்நாளை இழந்தனர். 50 வயதில் விட்டவரோ ஆறாண்டுகளைத் திரும்பப் பெற்றனர்.

தோழர்களே, அன்று நம் முன்னோர் சோதனைக்கு அஞ்சியதற்குத் தக்க காரணமிருந்தது. சோதித்தவன் முதலாளியின் ஆள்; அவன் சொல்லுக்குப் பின்னே கூலியும் கப்பலும் இருந்தன. இன்று கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ ஒருவன் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, ‘நான் இத்தனை ஆண்டு புகைத்தேன், எனக்குச் சோதனை வேண்டுமா? விடுவதற்கு வழி சொல்வீர்களா?’ என்று கேட்டால், அவன் எந்தத் துரைக்கும் கணக்குக் கொடுக்கவில்லை. குறைந்த வருமானமுடைய 40 வயதினர்க்கும் மூத்தோர்க்கும் பொதுவான உடற்சோதனையை இலவசமாக்கும் பெக்கா பி40 திட்டமும் 2019இல் தொடங்கிற்று. மார்புப் படம் எடுக்கும் திட்டமன்று அது. ஆயினும் வைத்தியர் முன் அமர்ந்து மேற்கண்ட கேள்வியைக் கேட்க அது நல்ல வாயில்.

கூலிக்காக உடம்பை மறைத்த காலம் போயிற்று. உடம்பு இப்போது நம்முடையது. அதில் என்ன இருக்கிறதென்று கேட்கும் உரிமையும் நம்முடையதே. சங்கக் கூட்டங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நண்பர் கூடும் தேநீர்க்கடைகளிலும் ஆடவர் இதனை வெளிப்படையாகப் பேசவேண்டும். அண்ணன் தம்பியையும், மகன் தந்தையையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும். தன்மானமுள்ள மனிதன் தன் உடம்பைப் பற்றிய செய்தியைப் பிறர் சொல்லக் கேட்குமுன் தானே சென்று கேட்பான்.