காலந்தாழ்ந்து வரும் விருதுகள்: மரபணு, உயிரணு மருத்துவ வரலாறு காட்டும் பாடம்



தோட்டங்கள் சூழ்ந்திருந்த செண்டாயானில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. ஆயினும் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா மாறவில்லை. ஓராண்டு உழைப்புக்கு அவ்வாண்டின் இறுதியிலேயே கிண்ணம் கிடைக்கிறது. அறிவியல் உலகின் பரிசளிப்பு அவ்வாறன்று. அதனை மரபணு, உயிரணு மருத்துவத் துறையின் வரலாற்றைக் கொண்டு நாம் இங்கே காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'விருது' என்னும் சொல் பட்டம், கொடி, வெற்றிச் சின்னம் என்னும் பொருள்களில் வழங்கியது. பண்டைத் தமிழரசர் எட்டி, காவிதி, ஏனாதி என்னும் பட்டங்களை வழங்கினர். ஆடல் மகளிர் தலைக்கோல் பெற்றனர். செய்து முடித்த செயலுக்கு ஊரறியத் தரும் சான்றே விருது. ஆனால் ஒரு செயல் முடிந்தது என்று எப்போது சொல்வது? மருத்துவ ஆய்வில் இதுவே கடினமான வினா.

உயிரணு மருத்துவம் என்பது நலமான உயிரணுக்களை நோயாளியின் உடலில் செலுத்திக் குணப்படுத்துவது. நம் முன்னோர் பால்மரத் தோட்டங்களில் கண்ட ஒட்டுக்கட்டும் முறையை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். நல்ல மரத்தின் மொட்டை வேறொரு கன்றில் ஒட்டினால், அம்மொட்டிலிருந்து புதிய மரம் வளர்கிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களும் அவ்வாறே புதிய உடலில் வேரூன்றிக் குருதியை உண்டாக்குகின்றன. 'குருத்து' என்னும் செடியின் சொல்லே இந்த அணுவுக்குப் பெயரானது பொருத்தமே. மரபணு மருத்துவம் இதற்கும் ஒரு படி மேலே சென்று, பிழையான மரபணுவின் வேலையைச் செய்ய நல்ல மரபணுவை அணுவுக்குள் சேர்க்கிறது. அல்லது பிழையையே திருத்துகிறது.

அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957-இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றிய தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். அந்நோயாளிகள் பிழைக்கவில்லை. 1960-களில் பலர் இத்துறையைக் கைவிட்டனர், அவர் கைவிடவில்லை. நோபல் பரிசு அவரை அடைந்தது 1990-இல். இடையில் கழிந்தவை 33 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஆய்வுக்கூடத்தில் உடனுழைத்தவர் அவர்தம் துணைவியார் டாட்டி தாமஸ். பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கலக் ஆகிய இருவர், குருதிக் குருத்தணு உண்டு என்பதை 1961-இல் சோதனையால் காட்டினர். அவர்களுக்கு லாஸ்கர் விருது 2005-இல் வந்தது. நோபல் பரிசு வரவே இல்லை.

மரபணு மருத்துவத்தின் பாதை இன்னும் கரடுமுரடானது. 1972-இல் தியடோர் ஃபிரீட்மன் தம் உடனாய்வாளர் ரிச்சர்ட் ராப்ளினுடன் இக்கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். மனிதரிடம் அவசரப்பட்டுச் சோதிக்க வேண்டா என்று எச்சரித்ததும் அதே கட்டுரைதான். 1990 செப்டம்பர் 14 அன்று, நோயெதிர்ப்பாற்றல் குறைவுற்ற நான்கு வயதுச் சிறுமிக்கு அமெரிக்காவில் இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. 1999-இல் அந்நாட்டில் ஆய்வுக்கு உட்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பாரிசில் அலேன் ஃபிஷர் குழுவினர் கொடிய நோயிலிருந்து மீட்ட குழந்தைகளுள் சிலருக்குப் பின்னர் குருதிப் புற்றுநோய் வந்தது. செலுத்திய மரபணு வேண்டாத இடத்தில் அமர்ந்ததே காரணம். அக்காரணத்தைக் கண்டறிந்த பின்பே பாதுகாப்பான முறைகள் பிறந்தன. ஃபிரீட்மனும் ஃபிஷரும் 2015-இல் ஜப்பான் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 43 ஆண்டுகள்.

விரைந்து வந்த விருதுகளும் உண்டு. ஜப்பானின் ஷின்யா யமனக்கா, முதிர்ந்த அணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பலாம் என்று 2006-இல் எலியணுக்களில் காட்டினார். 2012-இல் நோபல் பெற்றார். ஆனால் அவருடன் பரிசைப் பகிர்ந்த ஜான் கர்டன், அதற்கான அடிப்படையைத் தவளையில் காட்டியது 1962-இல். ஆறு ஆண்டின் வெற்றி ஐம்பது ஆண்டின் தோளில் நின்றது. கர்டனுக்குப் பதினைந்து வயதில் பள்ளி அளித்த அறிக்கையில், அவர் அறிவியலறிஞராக விரும்புவது நகைப்புக்குரியது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அவ்வறிக்கையைச் சட்டமிட்டுத் தம் அலுவலகத்தில் வைத்திருந்தார் அவர். ஆசிரியப் பெருமக்கள் இதனை மறத்தல் ஆகாது.

இவ்வரலாறு தமிழ் மண்ணிலும் நிகழ்ந்துள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. அதனை வளர்த்தெடுத்த மாமன் சாண்டிக்கு இந்திய அரசின் பத்மஸ்ரீ 2019-இல் வந்தது. அவ்வடித்தளத்தின்மேல் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழுவினர் ஹீமோஃபிலியா என்னும் குருதி உறையாமை நோய்க்கு மரபணு மருத்துவத்தை முயன்றனர். கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஐவரின் குருத்தணுக்களை எடுத்து, எட்டாம் உறைகாரணிக்கான மரபணுவை அவற்றில் சேர்த்து, அவரவர்க்கே திருப்பிச் செலுத்தினர். கண்காணித்த காலத்தில் ஐவரில் எவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை என்னும் முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். நெடுங்காலம் கவனித்தாக வேண்டும். எனினும் 1986-இல் இட்ட வித்து 2024-இல் முளைவிட்டதை எவரும் மறுக்கவியலாது.

அந்த ஐவருக்கும் விருது இல்லை. 1957-இன் நோயாளிகளுக்கும், 1999-இல் உயிர்நீத்த இளைஞருக்கும் இல்லை. ஒரு நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர இயலாது; அறிவை ஈட்டியவர்களோ ஆயிரவர். எனவே விருதுப் பட்டியலை வரலாறு என்று கொள்ளலாகாது. வரலாற்றைத் தேடிச் செல்வதற்கு அது ஒரு வாயில் மட்டுமே.

மாணவர்களே, பால்மரம் நட்டு ஆறேழு ஆண்டுகள் சென்ற பின்னரே அதில் கத்தி படும். அதுவரை அது பயனற்ற மரம் என்று தோட்டத்தில் எவரும் வெட்டி எறிந்ததில்லை. இவ்வாண்டு கிண்ணம் பெறாத மாணவரைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பொறுமையோடு எழுதுவோமாக. வகுப்பில் ஒரு விருதாளரின் பெயரைக் கற்பிக்கும்போது, அவர் காத்திருந்த ஆண்டுகளையும் உடனிருந்தோரையும் சேர்த்தே தமிழில் கற்பிப்போமாக.