ரேஷன் அரிசி, பருப்பே போதும்: 6 மாதக் குழந்தைக்கு குறைந்த செலவில் வீட்டு உணவு செய்வது எப்படி?

பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு குழந்தையின் டின் உணவு பெரிய மாதச் செலவு. காசை மிச்சம் பிடிக்க அதே மாவைத் தண்ணியா கரைச்சு கொடுப்பவர்களும் உண்டு. வயிறு நிறையும், ஆனால் எடை ஏறாது. ஆபத்து அங்கேதான்.

எப்போது தொடங்கணும்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு தாய்ப்பாலோடு சேர்த்து திட உணவு தரணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2 வயது வரை தாய்ப்பாலைத் தொடரலாம். 6 முதல் 8 மாதம் வரை தினமும் 2, 3 வேளை, 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை. முதலில் 2, 3 ஸ்பூன் கொடுத்து, மெல்ல அரை கப் வரை கூட்டலாம்.

செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு வேளைக்கு அரிசி 20 கிராம், பருப்பு 10 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன் போட்டால் பொருள் செலவு 50 பைசாவைத் தாண்டாது. கேஸ், காய்கறி செலவு தனி.

செய்முறை

அரிசி 2 பங்கு, பருப்பு 1 பங்கு. கழுவி, சிட்டிகை மஞ்சள் தூளோடு குக்கரில் குழைய வேகவிடணும். நல்லா மசிச்சு எண்ணெய் அல்லது நெய் சேர்க்கணும். கேரட், பூசணி, முருங்கைக்கீரை என ஒவ்வொன்றாக வேகவைத்துச் சேர்க்கலாம். நன்றாக வெந்த முட்டையையும் மசிச்சு கொடுக்கலாம்.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தான நோயைத் தரலாம்.

பதம் சரியா?

கரண்டியைச் சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடக்கூடாது, மெதுவாக விழணும். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது.

கெட்டியாக இருந்தால் விழுங்காத குழந்தைக்கு ஒரு வழி உண்டு. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து அரைச்சு வெச்சுக்கணும். வெந்த கஞ்சியின் சூடு சற்றுக் குறைந்ததும் இந்த மாவில் கொஞ்சம் கலந்து, சில நிமிடம் கழித்து மறுபடி ஒரு கொதி விடணும். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால், தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகும். கேழ்வரகில் கால்சியமும் அதிகம்.

அங்கன்வாடியில் என்ன கிடைக்கும்?

6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் இலவச சத்துமாவு தரப்படுகிறது. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இது குழந்தையின் உரிமை. நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் தரணும் என்பது 2013-ல் சட்டத்தில் வகுக்கப்பட்ட அளவு. மாவில் வெல்லம் இருப்பதால் சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை. குழந்தையின் எடையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் கவனம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை வெள்ளத்தில் மூழ்கியது. அதுபோன்ற நாட்களுக்கு, கழுவிக் காயவைத்த அரிசி, பருப்பை வறுத்து அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் முன்பே எடுத்து வைக்கலாம். லாரி தண்ணீரோ, கேன் தண்ணீரோ, கொதிக்கவைத்த பிறகே பயன்படுத்தணும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துடணும். மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

எடை ஏறாமல் நின்றாலோ, வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, குழந்தை சாப்பிட மறுத்துச் சோர்ந்து போனாலோ தாமதிக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.